இடது காலுக்கு வேலை இல்லாத கார்

திருகோணமலையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியையே நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். கைகால் கழுவிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்ததும் சம்பந்தி சிவபாலன் கேட்டார்:

“ரீச்சர், நீங்கள் நல்லா ஓடுவீங்களோ?”

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வலது முழங்காலில் தேய்மானம். “ஓடறதெல்லாம் விட்டாச்சுண்ணே. காலைல கொஞ்ச தூரம் நடக்கறதோட சரி” என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. என் மருமகளாகப் போகிற தர்ஷினி சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். “மாமி, அப்பா கார் ஓடுறதைக் கேக்கிறார்!”

இந்த ஊரில் நாம் காரை ஓட்டுவதில்லை, நாமே ஓடுகிறோம். அப்படியென்றால் நான் இருபத்திரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறவள். திருச்சியில் நானும் என் கணவரும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பங்கு. கிளட்சை மெதுவாக விடு, மெதுவாக விடு என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று அவர் புகார் சொல்வதுண்டு.

என் மகன் கார்த்திக்கும் தர்ஷினியும் சென்னையில் படிக்கும்போது பழக்கம். கல்யாணம் பெண்ணின் ஊரில், கார்த்திகை மழையில். கணவரும் மகனும் மற்றவர்களும் கல்யாணத்துக்கு முந்தின நாள் வருவதாக ஏற்பாடு. ஏற்பாடுகளைப் பார்க்க நான் மட்டும் அவர்களுக்கு மூன்று நாள் முன்னால் வந்துவிட்டேன். பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை. எல்லாம் தயாராக இருந்தது, ஒன்றைத் தவிர.

தர்ஷினி சொன்னாள். அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு வளர்த்தது அத்தை, அதாவது சிவபாலனின் அக்கா பரமேஸ்வரி. தோப்பூர்ப் பக்கம் வயலும் வீடுமாக இருக்கிறார். நாலு வருஷமாக அக்காவும் தம்பியும் பேசுவதில்லை. கல்யாண அழைப்பிதழ் தபாலில்தான் போயிருக்கிறது.

“அத்தை வராமல் நான் கூறை உடுக்க மாட்டன், மாமி” என்றாள். அழவில்லை. கோபப்படவுமில்லை. நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கூறைச் சேலை உடுத்தாவிட்டால் கல்யாணம் இல்லை. திருச்சியிலிருந்து முப்பத்தாறு பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

யாராவது போய் அழைத்து வர வேண்டும். தம்பி தனியாகப் போனால் அக்கா கதவைத் திறக்க மாட்டார். விருந்தாளியுடன் போனால் திறக்கத்தான் வேண்டும். சிவபாலனுக்குப் பத்து நாள் முன்னால்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு இருந்த அவரை டாக்டர் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆக, நான் ஓட வேண்டும்.

“நானும் வருவன்” என்றார் சிவபாலன். “ஆனா நான் அரிசி பாக்கத்தான் வாறன். தோப்பூரில நல்ல அரிசி இருக்கு.”

இரவுச் சாப்பாடு புட்டும் பாரைமீன் குழம்பும். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பது. இங்கே அதன் தலையில் மீன் குழம்பை ஊற்றிப் பெரியவர்கள் பிசைந்து சாப்பிடுகிறார்கள். மூன்றாவது தடவை வாங்கும்போது வெட்கம் விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை ஒத்திகை. சிவபாலன் வீடு உவர்மலையில். வாசலில் நின்றாலே கீழே துறைமுகம் தெரிகிறது. மழை மேகம் தண்ணீர் வரைக்கும் இறங்கி, கப்பல்களின் மேல்பாதியை மறைத்திருந்தது. அவர் முப்பது வருஷம் அந்தத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். காரின் போர்வையை எடுக்கும்போது அந்தக் கவனம் தெரிந்தது. ஜப்பானிலிருந்து வந்த சின்ன வெள்ளைக் கார். ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.

“ஓம், ஓம்” என்றார் சிவபாலன் அதனிடம்.

“என்னங்க சொல்லுது?”

“ஆருக்குத் தெரியும்? மரியாதையாச் சொல்லுது, பதில் சொல்லத்தானே வேணும்.”

நான் கீழே பார்த்தேன். இரண்டு பெடல். கிளட்ச் இல்லை. என் வாழ்க்கையில் ஆட்டோமேட்டிக் காரை ஓட்டியதே இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதென்ன பெரிய வித்தையா என்ற எண்ணம். கியர்க் கம்பியை ‘டி’யில் போட்டேன். கார் தானே நகர்ந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மான் வரும்வரை.

திருகோணமலை நகரத்துக்குள் மான்கள் உலவுகின்றன. எங்கள் ஊரில் மாடு நிற்கிற இடத்தில் எல்லாம் இங்கே புள்ளிமான் நிற்கிறது. ஒன்று பெட்டிக் கடையிலிருந்து வாழைப்பழத் தோலோடு இறங்கி, இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டுக்கு வந்தது. வேகத்தைக் குறைத்து செகண்ட் கியர் போட என் இடது கால் கிளட்சைத் தேடியது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. கிளட்சை மிதிக்கிற மிதியை அதன் மேல் மிதித்தேன்.

கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. சிவபாலனின் கறுப்புக் கண்ணாடி பறந்து டேஷ்போர்டுப் பிள்ளையாரின் மடியில் விழுந்தது. மான் எங்களைப் பார்த்துவிட்டு, சாவகாசமாகத் தோலைத் தின்று முடித்தது.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: “ரீச்சர், அந்த இடது காலை வீட்டில விட்டிட்டு வந்திருக்கலாம்.”

அதற்குப் பிறகு இடது காலை மடித்துச் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன். இடது கைக்கும் வேலை இல்லை. அது மடியில் அனாதையாகக் கிடந்தது. கார் தானே கியர் மாற்றிக்கொண்டது. எப்போது மாற்றுகிறது என்றுகூடத் தெரியவில்லை. சமைக்கத் தெரிந்தவளைக் கல்யாண வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு பரிமாறினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். ‘டி’க்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சந்து. அதில் ‘எம்’ என்று எழுதி, மேலே கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி. கியரை நாமே மாற்றிக்கொள்ளலாம்! என் இடது கை தானாக எழுந்தது. அது போய்ச் சேருவதற்குள் சிவபாலனின் கை அந்த இடத்தை மூடியது.

“உதைத் தொட வேண்டாம்.”

“ஏன்?”

“உது எங்களுக்கில்லை. டியில போட்டு, டியிலயே ஓடி, டியிலயே வந்தால் போதும்.”

கடற்கரை ரோட்டில் அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க இறங்கினார். ஃபார்மசியில் கூட்டம். எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினேன். முன்னால் ‘ஒன்று’ என்று ஒளிர்ந்தது. கிளம்பினேன். எஞ்சின் குரல் உயர்ந்தது. மேலே ஒரு தட்டு, இரண்டு. இன்னொரு தட்டு, மூன்று. திரும்பும் இடத்தில் கீழே ஒரு தட்டு. கார் மூக்கைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. பிரேக்கே தொடவில்லை! சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே இரண்டு சுற்று வந்தேன்.

முழுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது. அதிக வேகத்தில் ஒன்றாம் கியருக்கு இழுத்துப் பார்த்தேன். ‘பீப்’ என்று சொல்லி மறுத்துவிட்டது. நிறுத்தினால் அதுவே ஒன்றுக்கு இறங்கிக்கொண்டது. சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு பீரோச் சாவியை மட்டும் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளும் மாமியார் மாதிரி ஒரு ஏற்பாடு. இன்னும் மூன்று நாளில் மாமியாராகப் போகிறவள் என்பதால் காரின் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிந்தது.

‘டி’யில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகப் பழைய இடத்தில் வந்து நின்றேன். சிவபாலன் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“எம்மில ஓடினனீங்கள்.”

“இல்லையே?”

“ரீச்சர், எனக்குக் கண்ணிலதான் வெட்டு. காதில இல்லை.”

முப்பது வருஷம் எஞ்சின் சத்தம் கேட்ட காது. மருந்துக் கடைக்குள் இருந்தே எந்தத் திருப்பத்தில் எத்தனையாவது கியர் என்று சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னார்.

இதற்கு முன் அவரிடம் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று இருந்தது. அதில் ‘எம்’ கிடையாது. ‘டி’க்குக் கீழே ‘எல்’ என்று ஒன்று இருந்தது; இறக்கத்துக்கும் சேற்றுக்கும் போடுகிற தாழ்ந்த கியர். நாலு வருஷம் முன்னால் அக்காவின் கணவரை இங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அக்காவே காரைக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தபோது பொனட்டுக்குள்ளிருந்து புகை. எஞ்சின் போய்விட்டது. தோப்பூர் வரை போனதும் வந்ததும் முழுக்க ‘எல்’லில்; எஞ்சின் சூடேறி வெந்தேவிட்டது. அன்றிலிருந்து ‘டி’யைத் தவிர வேறெதையும் அவர் தொட விடுவதில்லை.

“நான் சத்தம் போட்டிட்டன். துறைமுக வாசலில, என்னோட வேலை செய்த ஆக்களுக்கு முன்னால. பொம்பிளையளுக்கு ஏன் உந்த வேலை எண்டு கேட்டிட்டன்.” அவர் என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார். “அவா சாவியைத் தந்திட்டு பஸ்ஸில போனவா. பேந்து கதைக்கேல்லை. மூண்டு மாசத்தில அத்தானும் செத்துப்போனார். செத்த வீட்டுக்குப் போனனான். பந்தலுக்கு வெளியில நிண்டிட்டு வந்தனான்.”

அந்தக் கேள்வி எனக்கும் புதிதில்லை. திருச்சியில் சிக்னலுக்குச் சிக்னல் கேட்டிருக்கிறேன். ஆனால் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டவரின் காரை ஒரு பொம்பளைதான் ஓட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பாண் என்று இங்கே சொல்கிற பிரெட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு “வெளிக்கிடுவம்” என்றார் சிவபாலன். காரின் ஜப்பானியப் பெண் ஏதோ சொல்ல, அவர் “ஓம்” என்றார். கிண்ணியாப் பாலத்தில் மழை தூறலாகத் தொடங்கி, மூதூர் தாண்டும்போது கொட்டியது. இரண்டு பக்கமும் வயலும் தண்ணீரும் ஒன்றாகிக் கிடந்தன. நான் ‘டி’யிலேயே போனேன். அவர் கை முழுவழியும் ‘எம்’முக்கு மேல் மூடி போட்ட மாதிரி இருந்தது.

பரமேஸ்வரி அம்மா கதவைத் திறந்தார். அறுபத்தெட்டு வயது. வயலிலிருந்து அப்போதுதான் வந்த சேற்றுக் கால். என்னை மேலும் கீழும் பார்த்து, யார் என்று கேட்டு, “வாங்கோ பிள்ளை” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற ஆறடி உருவம் அவர் கண்ணில் படவேயில்லை.

பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்தார். “பிள்ளை, உங்களோட வந்தவர் சீனி போடுறவரோ எண்டு கேளுங்கோ.”

நான் திரும்பிச் சிவபாலனிடம், “அண்ணே, சீனி போடலாமான்னு கேக்கறாங்க” என்றேன்.

“கொஞ்சமாப் போடச் சொல்லுங்கோ.”

“கொஞ்சமா போடச் சொல்றாரும்மா.”

மூன்றடி இடைவெளியில் இருந்த இரண்டு பேருக்கு, தமிழிலிருந்து தமிழுக்கு அரை மணி நேரம் மொழிபெயர்த்தேன். வயல் எப்படி என்று கேட்கச் சொன்னார் தம்பி. தண்ணி நிக்குது என்று சொல்லச் சொன்னார் அக்கா. கண்ணுக்கு என்ன என்று கேட்கச் சொன்னார் அக்கா. அரிசி என்ன விலை என்று கேட்கச் சொன்னார் தம்பி. “அரிசி வாங்க வந்தவரை ஏன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள், கடை சந்தியில இருக்கு” என்று பதில் வந்தது. அதை மொழிபெயர்க்காமல் விட்டேன்.

வெளியே மழை வலுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ரோடு மூழ்கிவிடும். கல்யாணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், டிரைவிங் ஸ்கூல்காரியின் வாயில் அதுவாக வந்தது:

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு ஏன் ‘எல்’லுல போட்டீங்க?”

சிவபாலனின் கோப்பை பாதி வழியில் நின்றது. பரமேஸ்வரி அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நான் எங்கட அவரோட சேர்ந்து லொறி ஓடினனான் பிள்ளை, பன்ரெண்டு வருஷம். ஆனா ஆட்டோமேட்டிக் கார் ஓடிப் பழக்கமில்லை. ‘எல்’ எண்டு இருந்தது. பழகுற ஆக்கள் வாகனத்தில ‘எல்’ போட் கட்டுவினம்தானே? அதுதான், பழகுற ஆக்களுக்கு எண்டு வைச்சிருக்கினம் எண்டு நினைச்சுப் போட்டனான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன், பிளேன்ரீ மூக்கில் ஏறியது. இருபத்திரண்டு வருஷமாக ‘எல்’ போர்டுக்குக் கீழேயே வாழ்கிறவள் நான். இவ்வளவு நியாயமான தப்பை என் மாணவிகள் ஒருத்திகூடச் செய்ததில்லை. இருமலுக்கு நடுவில் திரும்பிப் பார்த்தால், சிவபாலன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று உடனே தெரியவில்லை.

“நாலு வருஷம் இதைச் சொல்லாமல் இருந்தனீங்களேக்கா?” என்று நேராகக் கேட்டார்.

“நீ கேட்டனியோ?” என்றார் அக்காவும் நேராக.

அவர் தரையைப் பார்த்தார். “கேட்டிருக்க வேணும்” என்றார். பிறகு, “சனத்துக்கு முன்னால அப்பிடிக் கதைச்சது பிழை. செத்த வீட்டில உள்ளுக்கு வராததும் பிழை” என்றார்.

“ஓம்” என்றார் பரமேஸ்வரி அம்மா. பரவாயில்லை என்று சொல்லவில்லை. வெறும் ஓம். அது போதுமா போதாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து அறைக்குள் போனார். நீலநிறப் பெட்டி ஒன்றோடு திரும்பி வந்தார்.

“பிள்ளையின்ர கார்ட் வந்த அண்டைக்கே கட்டி வைச்சனான். வெளிக்கிடுவம், தண்ணி ஏறுது.”

தண்ணீர் ஏறித்தான் இருந்தது. தோப்பூருக்கும் மூதூருக்கும் நடுவில், தாழ்வான ஓரிடத்தில் ரோடு காணாமல் போயிருந்தது. ஒரு தெரு நீளத்துக்குப் பழுப்புத் தண்ணீர். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் அதற்குள் நடந்து வந்து கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

“முழங்காலுக்கு நல்லாக் கீழதான். தண்ணி இழுவையும் இல்லை” என்றார். “நடு ரோட்டால போங்கோ. இடையில மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ. ஆனா இன்னும் ஒரு மணித்தியாலத்தில ஏலாது.”

இடையில் நின்றால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும், கார் போய்விடும். ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆபத்து, அதிகமாக மிதித்தாலும் அலை எழும்பும். ஒரே கியர், ஒரே சீரான வேகம். ‘டி’யில் விட்டால் கார் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் மேல் ஒரு கை இருந்தது.

இந்தத் தம்பியின் காரை இன்னொரு பெண் நாசமாக்கினால், பின்சீட்டில் இருக்கும் அக்காவுக்கு முன்னாலேயே அது நடக்கும். நான் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவபாலன் கையை எடுத்தார்.

“எம்மில போடுங்கோ ரீச்சர். ஒண்டில. நான் எஞ்சினைக் கேக்கிறன்; கூடினால் சொல்லுவன், குறைஞ்சால் சொல்லுவன். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ.”

‘ஒன்று’ ஒளிர்ந்தது. இறங்கினேன். தண்ணீர் கதவடியில் சலசலத்தது. ரோட்டின் விளிம்பு தெரியவில்லை. இரண்டு பக்கத்து மின்கம்பங்களுக்கு நடுவைக் கணக்காக வைத்தேன். சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தார். “கொஞ்சம் குடுங்கோ… சரி… அப்பிடியே… அப்பிடியே… காலை எடுக்க வேண்டாம்.” எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. பின்னால் பரமேஸ்வரி அம்மா “கோணேசா, கோணேசா” என்றார். சரியாக நடுவில் வந்தபோது ஜப்பானியப் பெண் திடீரென்று ஏதோ சொன்னாள்.

“ஓம், ஓம், பேந்து கதைப்பம்” என்றார் சிவபாலன், கண்ணைத் திறக்காமலே.

முன்சக்கரம் மேட்டைத் தொட்டது. பிறகு பின்சக்கரம். தார் ரோடு. பிரேக்கை லேசாக இரண்டு மூன்று தடவை தொட்டு ஈரத்தைக் காயவைத்தேன். கம்பியை ‘டி’க்குக் கொண்டுபோனேன்.

“இருக்கட்டும்” என்றார் அவர். “எம்மிலயே ஓடுங்கோ. வடிவா ஓடுறீங்கள்.”

இதுவரை எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அது ஒன்றுதான் ஃப்ரேம் போட முடியாதது.

கிண்ணியாப் பாலத்துக்கு வரும்போது மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் குடா விரிந்து கிடந்தது. பின்சீட்டில் சத்தமில்லை. தூங்கிவிட்டாரா, அழுகிறாரா, வெளியே பார்க்கிறாரா, தெரியவில்லை. சிவபாலன் திரும்பிப் பார்க்கப் போவது மாதிரி கழுத்தை அசைத்தார், திரும்பவில்லை. பிறகு கையை நீட்டி, எனக்கு முன்னால் இருந்த பின்பார்வைக் கண்ணாடியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். அக்காவின் முகம் தெரிகிற அளவுக்கு.

ஓட்டுகிறவரின் கண்ணாடியை யாராவது தொட்டால் எனக்கு ஆகாது. என் ஸ்கூலில் அதற்காக, மனைவிக்குத் துணையாக வந்த ஒரு அண்ணாச்சியை நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். அன்றைக்குச் சாய்த்தபடியே விட்டுவிட்டேன். பின்னால் எந்த பஸ் வருகிறது, எந்த லாரி வருகிறது என்று பக்கக் கண்ணாடிகளில் மட்டும் பார்த்துக்கொண்டு, உவர்மலை வரைக்கும் மெதுவாகவே ஓடினேன்.